முன்னேரும் பின்னேரும்

பனி என்ற சொல்லைக் கேட்டால் என் நினைவு கோவில்பட்டிக்கு ஓடிவிடும். மார்கழி விடியலில் கரிசல் காட்டு வரப்பில் நடந்து போனால், கம்பந்தட்டையின் நுனியிலும் புல்லின் தலையிலும் முத்து முத்தாய் நிற்கும் நீர்த்துளிகளே நான் அறிந்த பனி. காலில் பட்டால் சில்லென்றிருக்கும். கதிரவன் ஒரு பனை உயரம் எழுவதற்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பதினாறு ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகி இந்த மட்டாஞ்சேரிக்கு வந்தபின் அந்தப் பனியும் எனக்கு இல்லையாயிற்று. இங்கே ஆண்டு முழுதும் புழுக்கம். அதை விட்டால் மழை. பஜார் ரோட்டுக் கிடங்குகளிலிருந்து வரும் சுக்கு, மிளகு மணமும் காயலிலிருந்து வரும் உப்புக் காற்றும் கலந்து சட்டையோடு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது.

இத்தகைய ஊரில் உட்கார்ந்துகொண்டு, உறைபனியின்மீது பலகை கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பற்றி ஒருவன் கட்டுரை எழுதப் புகுந்தால், "இவனுக்கு என்ன வந்தது?" என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். உண்மையில் இக்கட்டுரை, நம் சங்கத்தின் பின்புற அறையில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பைப் பற்றியது. அவ்வகுப்பை மூடிவிடுவதென்று முடிவுசெய்து, செயலாளருக்குக் கடிதமும் எழுதி வைத்துவிட்ட ஒருவன், அக்கடிதத்தை ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்பதைப் பற்றியது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வகுப்பைத் தொடங்கியபோது 21 குழந்தைகள் வந்தனர். பெஞ்சுகள் போதாமல் சிலர் பாயில் அமர்ந்தனர். பின்னர் நோய்த்தொற்றுக் காலம் வந்தது, வகுப்பு நின்றது. மீண்டும் தொடங்கியபோது பதினொருவர் வந்தனர். சிலருடைய தந்தையர் மாற்றலாகிப் போயினர். சிலர் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போயினர். சிலர் காரணம் சொல்லாமலே நின்றனர். சென்ற ஆடி மாதம் வருகைப் பதிவேட்டில் நான்கே பெயர்கள் மிஞ்சின. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பதிவேடுகளோடு பழகிய கண்கள் என்னுடையவை. எண்ணிக்கை இறங்கு முகமாய் இருந்தால் அந்தக் கோப்பு எங்கே போய் முடியும் என்பது எனக்குத் தெரியும்.

நின்றவர்களில் என் மகளும் ஒருத்தி என்பதை மறைப்பதற்கில்லை. ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து அவள் சொன்னாள்: "அப்பா, எனக்குத் தமிழ் நல்லாப் பேச வருது. எழுதப் படிக்கத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? மார்க்கா வரப்போகுது?"

அவள் குரலில் எதிர்ப்பு இல்லை. உண்மையான ஐயமே இருந்தது. அவள் பள்ளியில் இந்தி உண்டு, வடமொழி உண்டு; தெருவில் மலையாளம் உண்டு. தமிழ் எழுத்துக்கு அவளுடைய நாளில் எந்த மூலையிலும் இடமில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போகிறவன், சொந்த மகளின் கேள்விக்கு மறுமொழி சொல்ல இயலாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அன்றிரவே அந்தக் கடிதத்தை எழுதினேன்.

மறு ஞாயிறு கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரம். விடாமுயற்சியைப் பற்றிய அதிகாரத்தைச் சட்டைப்பையில் தோல்விக் கடிதத்தோடு நடத்திய ஆசிரியன் நானாகத்தான் இருப்பேன். நடத்திக்கொண்டிருக்கையில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் கை தூக்கினான். அவனுடைய தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். பள்ளியில் குளிர்கால விளையாட்டுகளைப் பற்றி ஏதோ படம் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம். அவன் நோட்டைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். மூவண்ணக் கொடியைத் தோளில் போர்த்திய ஓர் இளைஞர்.

"மாமா, இவங்க அப்பா நம்ம தலச்சேரிக்காரராம். ஆறு ஒலிம்பிக்ஸ் போயிருக்காரு. ஒரு தடவை 28ஆவது, ஒரு தடவை 33ஆவது, 37ஆவதுகூட வந்திருக்காரு. ஒரு மெடல்கூட இல்லே. பின்னே எதுக்கு மாமா ஆறு தடவை போனாரு?"

ஒரே கிழமையில் இரண்டாம் முறையாக ஒரு குழந்தை என்னை வாயடைக்கச் செய்தது. கேள்வியும் ஏறத்தாழ ஒன்றேதான். மதிப்பெண் வராத படிப்பு எதற்கு என்றாள் அவள். பதக்கம் வராத ஓட்டம் எதற்கு என்றான் இவன். "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று வகுப்பை முடித்தேன். அந்த ஒரு வார தவணையில், வில்லிங்டன் தீவிலுள்ள அலுவலகத்திற்குத் தோப்பும்படிப் பாலம் கடந்து போகும் பேருந்திலும், இரவில் விளக்கடியிலும், பனியில் ஓடுகிறவர்களைப் பற்றி நூல்களிலும் செய்தித்தாள்களிலும் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

பனிச்சறுக்கு என்றதும் திரைப்படங்களில் காணும் காட்சியே நம் நினைவுக்கு வரும்; மலைச்சரிவில் அம்புபோல் இறங்குவார்கள். அது ஒரு வகை. மற்றொரு வகை உண்டு. அதனை நெடுவழிப் பனிச்சறுக்கு எனலாம். இதிலே மலையும் வேண்டும், சமவெளியும் வேண்டும், ஏற்றமும் வேண்டும். குறுகிய, நீண்ட, எடையற்ற பலகைகள் இரண்டு; கையில் ஊன்றுகோல்கள் இரண்டு. காலணியின் முன்பகுதி மட்டுமே பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். குதிகால் எழும்ப உரிமையுண்டு. ஏற்றிச் செல்லக் கம்பிவடமும் கிடையாது. இழுத்துச் செல்லப் பொறியும் கிடையாது. தன் காலாலும் கையாலும் மூச்சாலும் பல கிலோமீட்டர் போய்ச் சேரவேண்டும்.

அப்பலகையின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அதன் நடுப்பகுதி வில்போல் சற்றே வளைந்து மேலெழுந்திருக்கும். அவ்விடத்தில் மட்டும் பற்றுகின்ற மெழுகு ஒன்றைப் பூசுவார்கள். ஒரு காலில் முழு எடையையும் ஊன்றி அழுத்தினால் வளைவு தாழ்ந்து, மெழுகு பனியைப் பற்றிக்கொள்ளும், அப்போது உந்தலாம். எடையை எடுத்தவுடன் வளைவு எழும்பும். பலகை வழுக்கிச் செல்லும். ஒரு காலில் பற்று, மறு காலில் நழுவல். இந்த இரண்டும் மாறி மாறி வரவேண்டும், அதுதான் நடை.

வடபுலத்து மக்களுக்கு இது விளையாட்டாவதற்கு முன் வாழ்க்கையாய் இருந்தது. பனி மூடிய ஆறு திங்களும் அடுத்த வீட்டுக்குப் போகவும், விறகுக்குப் போகவும், வேட்டைக்குப் போகவும் இதுவே வழி. நார்வே நாட்டில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் பாறைச் செதுக்கல் ஒன்றில், நீண்ட பலகைகளின்மேல் நிற்கும் மனித உருவம் காணப்படுகிறது. 1888ஆம் ஆண்டில் நான்சென் என்பார் தம் தோழர் ஐவருடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைப் பலகை கட்டிக்கொண்டே கடந்தார். 1924இல் பிரான்சு நாட்டுச் சாமொனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது இவ்விளையாட்டும் அதில் இடம்பெற்றது.

இவற்றையெல்லாம் படித்து வருகையில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. புதுப்பனி விழுந்த நிலத்தில் முதலில் செல்கிறவனுக்கு முழங்கால்வரை புதையும். அவன் பனியை அழுத்திக்கொண்டே போகவேண்டும். அவன் போனபின் இரண்டு பலகைகளும் பதிந்து, இணையாக இரண்டு தடங்கள் உண்டாகும். பின்னால் வருகிறவர்கள் அத்தடத்தில் காலை வைத்தால் போதும். பாதி உழைப்பில் போய்விடலாம். ஆகவே கூட்டமாய்ச் செல்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு முன்னே செல்வார்களாம். எனக்குக் கோவில்பட்டிக் கரிசலில் என் பாட்டனார் ஏர் பூட்டிய காலை நினைவுக்கு வந்தது. முன்னேர் போன வழியே பின்னேர் என்பது நம் முதுமொழி. முதல் சாலை ஓட்டுகிறவனுக்கே கை கடுக்கும். அவன் கோணினால் அத்தனை ஏரும் கோணும்.

அப்படி முன்னேர் பிடித்த ஒருவரின் வரலாறு கிடைத்தது. அவர் பெயர் ஹெர்மன் ஸ்மித் யோஹான்சன். 1875ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் நார்வேயில் ஹோர்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். பெர்லின் நகரில் பொறியியல் கற்று, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, இயந்திரங்கள் விற்கும் தொழிலில் ஈடுபட்டார். தொழில் நிமித்தம் கனடாவின் காடுகளுக்குள் சென்றபோது, அங்கிருந்த கிரீ பழங்குடியினர் இவர் பலகை கட்டிக்கொண்டு பனியில் பாய்ந்து செல்வதைக் கண்டு முயல் என்று பெயரிட்டனர். ஜாக்ராபிட் என்னும் அப்பெயரே இறுதிவரை நிலைத்தது. பின்னர் மாண்ட்ரியால் நகரில் குடியேறினார். 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் தொழில் அழிந்தது. ஐம்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவர். பிறந்த மண்ணும் அருகில் இல்லை. வந்த மண்ணில் தேடிய பொருளும் இல்லை.

அந்நிலையில் அவர் செய்தது என்ன? மாண்ட்ரியாலுக்கு வடக்கே லாரென்ஷிய மலைப்பகுதியில் எளிய வாழ்க்கையை அமைத்துக்கொண்டு, கோடரியை எடுத்துக் காட்டுக்குள் நுழைந்தார். முள்ளை வெட்டி, மரக்கிளையைக் கழித்து, சிற்றூர்களையும் தங்கும் விடுதிகளையும் இணைக்கும் பனிப்பாதைகளை வகுத்தார். லபெல் என்னும் ஊரிலிருந்து ஷாபிரிட்ஜ் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட மேப்பிள் இலைப் பாதை 1930களில் அவர் முன்னின்று வகுத்ததே. நகரத்து மக்கள் இரயிலில் வந்து இறங்கி, பலகை கட்டிக்கொண்டு, விடுதிக்கு விடுதி சென்றனர். பிறந்த ஊரில் யாவரும் அறிந்திருந்த ஒரு நடையை, அதனை அறியாத ஊருக்கு அவர் கொண்டுவந்து ஊன்றினார். 1972இல் கனடா அரசு அவருக்கு உயரிய விருதளித்தது. நூறு வயதுக்குப் பின்னும் பலகை கட்டினார். 1987 ஜனவரி 5ஆம் நாள், நார்வேயில், தம் 111ஆம் வயதில் மறைந்தார். இன்றும் கனடாவில் இவ்விளையாட்டைப் பழகும் சிறு குழந்தைகளின் பயிற்சித் திட்டத்திற்கு ஜாக்ராபிட் என்றே பெயர். ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவர் பெயரால் முதல் அடி வைக்கிறார்கள். அவர்களுள் பலருக்கு அவர் யார் என்பதே தெரியாமலும் இருக்கலாம். அதனால் தடத்துக்கு என்ன குறை?

ஆனால் அச்சிறுவன் கேட்டது யோஹான்சனைப் பற்றி அன்று. அவருக்குப் பனியேனும் இருந்தது. பனியிருந்தும் பாதையற்ற, பாதையிருந்தும் துணையற்ற நம் நாட்டில் ஒருவர் என்ன செய்தார் என்பதே கேள்வி.

தலச்சேரியைக் கேக்குக்கும் கிரிக்கெட்டுக்கும் சர்க்கஸுக்கும் பெயர்போன ஊர் என்பார்கள். அவ்வூரிலிருந்து புறப்பட்ட ஒருவர், இத்தாலியப் பெண்மணி ஒருவரை மணந்து, இமாசலப் பிரதேசத்தில் மணாலியை அடுத்த வசிட்டம் என்னும் மலையூரில் குடியேறினார். அவர்களுடைய மகன் சிவ கேசவன். 1981 ஆகஸ்ட் 25ஆம் நாள் பிறந்தவர். மலையாளத் தந்தை, இத்தாலியத் தாய், இமயத்துப் பிறப்பு. எந்த ஊர் என்று கேட்டால் அக்குழந்தை என்ன சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நம் குழந்தைகள் சொல்லத் திணறும் அதே விடையைத்தான் தேடியிருக்கும்.

மலைக் குழந்தைகளுக்கு இயல்பான பனிச்சறுக்கை அவரும் பழகினார். சனாவரிலுள்ள பள்ளியில் படிக்கும்போது, 1990களின் நடுவில், வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் நடத்திய முகாமில் லூஜ் என்னும் விளையாட்டு அறிமுகமாயிற்று. லூஜ் என்பது சிறியதொரு பனிவண்டி. அதன்மேல் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, உறைபனி பூசிய வளைவுப் பாதையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்கவேண்டும். தடுப்புக்கருவி கிடையாது. கெண்டைக்காலின் அழுத்தமும் தோளின் சாய்வுமே திசைமாற்றும் கருவிகள். வெற்றி தோல்வியை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முடிவுசெய்யும். சரியான பாதை ஒன்றை அமைத்துப் பனியாய் உறையவைத்துப் பேணுவதற்குப் பெரும்பொருள் வேண்டும். அத்தகைய பாதை நம் நாட்டில் ஒன்றும் இல்லை.

பாதை இல்லாத நாட்டுச் சிறுவன் என்ன செய்தான்? வண்டிக்கு அடியில் சக்கரம் பூட்டினான். இமயத்து மலைச்சாலையில் மல்லாந்து படுத்து இறங்கினான். எதிரே சரக்கு லாரி வரும். வளைவில் ஆட்டு மந்தை நிற்கும். தரையிலிருந்து சாண் உயரத்தில் தார்ச்சாலை ஓடும். இப்படிப் பழகியே 1998ஆம் ஆண்டு ஜப்பானில் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் கலந்துகொண்டார். அப்போது வயது 16. இந்தியாவிலிருந்து சென்ற ஒரே வீரர் அவரே. கிடைத்த இடம் 28.

அடுத்த முறை, 2002இல் சால்ட்லேக் நகரிலும் நாட்டின் ஒரே வீரர், இடம் 33. தாயின் நாடாகிய இத்தாலி தன் அணியில் சேர அவரை அழைத்தது. அங்கே பாதை உண்டு, பயிற்சியாளர் உண்டு, வண்டி உண்டு, செலவுக்குப் பணம் உண்டு. அவர் மறுத்தார். 2006இல் தாயின் நாட்டிலேயே, டூரின் நகரில், இந்தியராய் இறங்கி 25ஆம் இடம் பெற்றார். ஒலிம்பிக்ஸில் அவருடைய மிகச் சிறந்த இடம் அதுவே. 2010இல் வான்கூவர் செல்லப் புதிய வண்டி வாங்கப் பணமின்றித் தவித்தபோது வழக்கறிஞர்கள் சிலர் ஒன்றுகூடி நிதி திரட்டிக் கொடுத்தனர், இடம் 29.

2014இல் சோச்சி நகரில் நேர்ந்ததைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. இந்திய ஒலிம்பிக் சங்கம் அப்போது தற்காலிகமாக விலக்கப்பட்டிருந்தது. எனவே அவர் மூவண்ணக் கொடியின்கீழ் ஓட இயலவில்லை. பொதுவான ஒலிம்பிக் கொடியின்கீழ் ஓடவேண்டியதாயிற்று. நாட்டுக்காக ஓட ஓர் அழைப்பையே மறுத்தவர், நாட்டின் பெயரின்றி நின்றார். அங்கே பயிற்சி ஓட்டம் ஒன்றில் வளைவில் நிலைகுலைந்து வண்டியினின்றும் கீழே விழுந்தார். விழுந்தவர் வண்டியை விடவில்லை. வழுக்கிச் செல்லும் வேகத்திலேயே அதனைப் பற்றி, மீண்டும் அதன்மேல் ஏறிப் படுத்து, ஓட்டத்தை முடித்தார். உலகெங்கும் பலர் அக்காட்சியைக் கண்டு வியந்தனர். போட்டியில் அவருக்குக் கிடைத்த இடம் 37. பின்னர் 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் ஆறாவதும் இறுதியுமான ஒலிம்பிக்ஸ், இடம் 34.

இடையில் ஆசிய அளவில் 2011, 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்றார் என்பதையும், 2020ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயினும் அச்சிறுவனுடைய கேள்விக்கு அவை விடையாகா என்று எனக்குத் தோன்றிற்று. தங்கம் கிடைத்ததால் போனார் என்று சொல்லிவிட்டால், கிடைக்காதவர் போகவேண்டியதில்லை என்று ஆகிவிடும் அன்றோ?

விடை வேறிடத்தில் இருந்தது. ஓட்டத்தினின்று ஓய்வுபெற்றபின் அவர் இளையோரைத் தேடிப் பயிற்சியளிப்பதில் இறங்கினார். மலையூர்ச் சிறுவர் சிறுமியரைச் சக்கரம் பூட்டிய வண்டியில் ஏற்றி, சரிவில் விட்டுப் பார்த்தார். பனிப்பாதை இன்றும் இல்லை. ஆயினும் அச்சிறுவர்களுக்கு ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்ற ஒருவர் ஆறு முறை போய் வந்திருக்கிறார் என்னும் அறிவு. 1998இல் அந்தப் பதினாறு வயதுச் சிறுவனுக்கு அந்த அறிவும் இல்லை.

நெடுவழிப் பனிச்சறுக்கிலும் இப்படியே நடந்திருக்கிறது. 2006இல் பகதூர் குப்தா, 2010இல் தாஷி லுண்டுப், 2014இல் நதீம் இக்பால், 2018இல் ஜெகதீஷ் சிங் என்று ஒருவர்பின் ஒருவராய் ஒலிம்பிக்ஸில் 15 கிலோமீட்டர் ஓட்டத்தில் நின்றார்கள். எவரும் பதக்கத்தின் அருகில் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பனியில் தடம் பதிந்தது. 2025ஆம் ஆண்டு சிலி நாட்டில் நடந்த பன்னாட்டுப் போட்டி ஒன்றில், பவானி என்னும் பெண், நெடுவழி ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். அவர் பிறந்தது காஷ்மீரத்தில் அன்று. தலச்சேரியிலிருந்து மலையேறினால் வரும் குடகு நாட்டில். காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் வளரும் மண் அது. உறைபனி விழாத மண்.

மறு ஞாயிறு வகுப்புக்குப் போனேன். அச்சிறுவனிடம் சொல்லப் பெரிய சொற்பொழிவு ஒன்றை ஆயத்தம் செய்திருந்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது. கரும்பலகையில் இரண்டு கோடுகளை இணையாக இழுத்து, "பனியில் முதலில் போகிறவருக்குக் கால் புதையும், பின்னால் வருகிறவருக்குப் புதையாது. அவர் ஆறு தடவை போனது அதற்குத்தான்" என்றேன்.

அவன் சற்று நேரம் கோடுகளைப் பார்த்தான். "அப்போ பின்னாலே யாராச்சும் வரணுமே மாமா?" என்றான்.

ஆம், வரவேண்டும். வருவார்கள் என்று உறுதி ஏதுமில்லை. முன்னே போகிறவன் திரும்பிப் பார்த்து எண்ணிக்கொண்டே போகவும் இயலாது. இந்த இடத்தில்தான் என் கடிதத்தின் பிழை எனக்கு விளங்கிற்று. நான் பதிவேட்டை மட்டும் பார்த்தேன். 21, பிறகு 11, பிறகு 4 என்று இறங்கும் எண்ணைப் பார்த்தேன். அந்த 21 பேரில் இங்கிருந்து பெயர்ந்துபோய்த் தில்லியிலும் பம்பாயிலும் இருக்கும் குழந்தைகள் தம் ஊர்ப் பாட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுதுகிறார்களா என்பது எந்தப் பதிவேட்டிலும் வராது.

நாம் வாழும் இந்த மட்டாஞ்சேரியைவிடச் சிறந்த சான்று வேறெங்கே கிடைக்கும்? 1568இல் கட்டிய யூதர் தேவாலயம் இங்கே நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் வேறு நாடு போய்விட்டனர். ஆயினும் அவர்கள் சென்ற நாட்டில் கொச்சியின் பெயர் அழியவில்லை. கொங்கணத்தார் கோவாவிலிருந்து வந்து நூற்றாண்டுகள் ஆயின. செறளாய்த் தெருக்களில் இன்றும் கொங்கணி கேட்கிறது. குஜராத்தியர் தம் பள்ளியை விடவில்லை. நம்மவரையே எடுத்துக்கொள்வோம். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுப்பதற்கென்று அழைத்து வரப்பட்ட தமிழரின் வழிவந்தோர் ஃபோர்ட்டுக் கொச்சியில், வெளி என்னும் பகுதியிலுள்ள சலவைத்துறையில் இன்றும் தொழில் செய்கிறார்கள். ஒருநாள் சட்டை வாங்கப் போனபோது, ஒரு மூதாட்டி தம் பேரனைத் தமிழில் அதட்டுவதைக் கேட்டேன். அத்தனை தலைமுறைக்குப் பின்னும் அதட்டலுக்குத் தமிழ் இருந்தது. அவர்களுக்கு வகுப்பு நடத்தியவர் யார்? பதிவேடு வைத்தவர் யார்? ஒவ்வொரு வீட்டிலும் எவரோ ஒருவர் முன்னேர் பிடித்திருக்கிறார்.

அன்றிரவு என் மகளிடம் இவ்வளவையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்புக்கு வருவதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "37ஆவது வந்துட்டு மறுபடி நாலு வருஷம் பழகினாரா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம்" என்றேன். சில நாட்கள் கழித்து, என் தாயார் ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "பேத்தி கடுதாசி எழுதியிருக்கா. ற வர்ற இடத்துல ர போட்டிருக்கா, ஆனா எல்லாம் வெளங்குது" என்றார்கள். எனக்குத் தெரியாமல், என் மேசையிலிருந்த அஞ்சல் உறையை எடுத்து எழுதியிருக்கிறாள். அந்த ற-வைத் திருத்தவேண்டும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. பின்னர் ஒருநாள் திருத்தலாம்.

கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாய் இருக்கும். ஆனால் அது உண்மையன்று. சில ஞாயிறுகளில் மழை கொட்டும்போது, இருவர் மட்டுமே வந்து அமர்ந்திருக்கும்போது, அந்தக் கடிதம் என் நினைவுக்கு வரத்தான் செய்கிறது. நெடுவழியில் போகிறவனுக்கும் அப்படித்தான் இருக்குமென எண்ணுகிறேன். ஒரு காலில் பற்று. மறு காலில் நழுவல். இரண்டும் சேர்ந்ததே நடை.

சென்ற ஞாயிறு சற்றுத் தாமதமாகப் போனேன். அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது. அந்த ஏழாம் வகுப்புச் சிறுவன் தன் தங்கையை அழைத்து வந்திருந்தான், ஐந்து வயதிருக்கும். அவளுடைய கையைத் தன் கையால் பிடித்து, சிலேட்டில் அகரத்தைச் சுழித்துக்கொண்டிருந்தான். சுழி பெரிதாகி, கோடு கோணிப்போயிருந்தது. நான் வாயிலிலேயே நின்றேன். பதிவேட்டில் ஐந்தாம் பெயரை எழுதியது அதற்குப் பின்தான்.

இந்த மலரைப் புரட்டும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். வகுப்பு ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, சங்கத்தின் பின்புற அறையில் நடைபெறுகிறது. கட்டணம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பெஞ்சில் இடம் நிறைய இருக்கிறது. குழந்தைகளை அனுப்பி வையுங்கள்.